கையெழுத்தும் சோதனைச் சாவடியும்: பிரிட்டனின் புதிய உணவு இறக்குமதி விதிகள் எதைக் காக்கின்றன?

1. கேள்வி

1920ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் புறப்பட்ட திமில் மாடுகள் சில, வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கிவைக்கப்பட்டன. அவை அங்கே தங்க வந்தவை அல்ல. ஆனால் அவற்றோடு வந்த வெக்கை நோய் பெல்ஜிய மாடுகளிடையே பரவியது. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1924 ஜனவரி 25 அன்று 28 நாடுகள் பாரிசில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, கால்நடை நோய்களுக்கான சர்வதேச அலுவலகத்தை நிறுவின. இன்றைய உலக விலங்கு நல அமைப்பின் தொடக்கம் அதுதான். அந்த உடன்பாட்டின் உயிர்நாடி எளிமையானது: நோய் கண்டவுடன் ஒரு நாடு மற்ற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அதிலிருந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2024இல், பிரிட்டன் தன் அண்டை நாடுகளிலிருந்து வரும் இறைச்சி, பால், முட்டை, செடி, விதை ஆகியவற்றுக்குப் புதிய எல்லை விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே சந்தையில் பகிர்ந்துகொண்ட பொருள்களுக்குச் சான்றிதழும் சோதனையும் கட்டணமும் வந்தன. அடுத்த ஆண்டே அவற்றில் பெரும்பகுதியைக் கைவிடும் பேச்சும் தொடங்கிவிட்டது.

இந்த விதிகள் நோயைத் தடுக்கின்றனவா, அல்லது வர்த்தகத்தை மட்டும் தடுக்கின்றனவா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்குப் பதில் தேட, விதிகளை ஒரே கட்டாகப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். சான்றிதழ் வேறு, எல்லைச் சோதனை வேறு, உள்நாட்டுக் கண்காணிப்பு வேறு. மூன்றும் செய்யும் வேலை தனித்தனி. பிரிட்டனில் நடந்த விவாதத்தின் பெருங்குறை இவற்றைப் பிரித்தறியாததுதான் என்பது என் வாதம்.

2. விதிகள் வந்த வழி

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது; இடைமாற்றக் காலம் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் மறுநாளே பிரிட்டனிலிருந்து வரும் பொருள்களுக்கு முழு விதிகளையும் விதித்தது. ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்கு ஐரோப்பியச் சந்தைக்குள் நுழைய முடியாமல் போனது. குளிரூட்டிய, சமைக்காத சாசேஜ்களுக்கும் அதே கதி. அந்த ஓர் இரவில் ஸ்காட்லாந்தின் மண் மாறவில்லை, கிழங்கும் மாறவில்லை. அதற்குப் பொறுப்பேற்கும் சட்ட உறவு மாறியது. எல்லை விதி என்பது பொருளின் அபாயத்தை மட்டும் அளப்பதில்லை, அனுப்புபவர்மேல் வைக்கும் நம்பிக்கையையும் அளக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிரிட்டனோ தன் பக்கத்து விதிகளை ஐந்து முறை ஒத்திவைத்தது. கடைகளில் உணவு குறையும், விலை ஏறும் என்ற அச்சமும், துறைமுகங்களில் கட்டுமானம் முடியாததும் காரணங்கள். 2022 ஏப்ரலில் அவ்வாண்டு முழுவதற்கும் புதிய கட்டுப்பாடுகள் இல்லை என்றே அரசு அறிவித்தது. இறுதியாக 2023 ஆகஸ்ட் 29 அன்று ‘எல்லை இலக்குச் செயல்முறை’ என்ற திட்டம் வெளியானது.

அதன் அடிப்படை அபாய வகைப்பாடு. உயிருள்ள விலங்குகள் போன்றவை உயர் அபாயம். பச்சை இறைச்சியும் பல பால் பொருள்களும் நடுத்தர அபாயம். நீண்டநாள் கெடாத, பதப்படுத்திய பல பொருள்கள் குறைந்த அபாயம். 2024 ஜனவரி 31 முதல் நடுத்தர அபாயமுள்ள விலங்குப் பொருள்களுக்கு அனுப்பும் நாட்டின் அரசு ஏற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட நலச் சான்றிதழ் கட்டாயமானது. செடி வகைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ். ஏப்ரல் 30 முதல் ஆவணச் சோதனையும் நேரடிச் சோதனையும் தொடங்கின. நடுத்தர அபாயமுள்ள விலங்குப் பொருள்களில் 1 முதல் 30 சதவீதம் வரையிலான சரக்குகளைத் திறந்து பார்ப்பது என்பது ஏற்பாடு.

பழங்கள், காய்கறிகளில் நடுத்தர அபாயமுள்ளவற்றுக்கான சோதனை மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில், உணவு, விலங்கு, தாவர நலம் குறித்துப் பொது ஒப்பந்தம் ஒன்றை நோக்கிச் செல்ல இரு தரப்பும் இணங்கின. அடுத்த மாதமே காய்கனிச் சோதனைகளை 2027 ஜனவரி 31 வரை பிரிட்டன் தள்ளிவைத்தது.

3. இரண்டு வாசிப்புகள்

இந்த விதிகளைப் பற்றி இரண்டு வலுவான வாசிப்புகள் உள்ளன.

முதலாவது வணிகத் தரப்பினுடையது. ஜெர்மனியின் பாலாடைக்கட்டி 2020இல் பாதுகாப்பானதாக இருந்ததென்றால் 2024இல் அது ஆபத்தானது ஆனது எப்படி என்று அவர்கள் கேட்கிறார்கள். விதி மாறியதால் ஆண்டுக்கு வணிகர்களுக்கு ஏறத்தாழ 33 கோடி பவுண்டு செலவாகும் என்று அரசே மதிப்பிட்டது. அரசின் தணிக்கை அலுவலகம் 2024 மே மாத அறிக்கையில், வெளியேற்றத்துக்குப் பின்னான எல்லை ஏற்பாடுகளுக்கு அரசு செலவிடப்போவது குறைந்தது 470 கோடி பவுண்டு என்று கணித்தது. தொடர்ந்த ஒத்திவைப்புகள் பணத்தை வீணாக்கியதோடு வணிகர்களைக் குழப்பத்திலும் ஆழ்த்தின என்பது அந்த அறிக்கையின் முக்கியமான கண்டிப்பு.

இரண்டாவது வாசிப்பு கால்நடை மருத்துவர்கள், பண்ணையாளர்கள் தரப்பினுடையது. தீவு நாடு என்பதே பிரிட்டனின் இயற்கை அரண். அதைத் திறந்துபோட்டுவிட்டுச் செலவைப் பற்றிப் பேசுவது பொறுப்பின்மை என்கிறார்கள். 2001இல் வந்த கோமாரி நோய் ஏறத்தாழ 800 கோடி பவுண்டு இழப்பை ஏற்படுத்தியது. அந்தத் தொகையின் முன் ஆண்டுக்கு 33 கோடி என்பது காப்பீட்டுத் தவணைதான் என்பது அவர்கள் கணக்கு.

இரு வாசிப்புகளும் மெய்யான அனுபவத்திலிருந்து பிறந்தவை. ஆனால் காப்பீடு என்ற ஒப்புமை ஒரு கேள்வியை மறைக்கிறது: வாங்கிய காப்பீடு, வரக்கூடிய இழப்பை உண்மையில் மூடுகிறதா? அதை அறிய, கடந்த அறுபது ஆண்டுகளில் நோய்கள் பிரிட்டனுக்குள் எந்த வழியாக வந்தன என்று பார்க்க வேண்டும்.

4. நோய் வந்த நான்கு வழிகள்

முதல் வழி, முறையான இறக்குமதி. 1967 அக்டோபரில் ஷ்ராப்ஷயர் பகுதியில் தொடங்கிய கோமாரி, 2,300க்கும் மேற்பட்ட இடங்களைத் தாக்கியது. 4 லட்சத்துக்கும் அதிகமான விலங்குகள் கொல்லப்பட்டன. அர்ஜென்டினாவிலிருந்து சட்டப்படி வந்த ஆட்டிறைச்சியே காரணமாக இருந்திருக்கும் என்பது விசாரணையின் முடிவு. அதையொட்டித் தென் அமெரிக்காவிலிருந்து எலும்போடு வரும் இறைச்சிக்குத் தடை வந்தது. இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. அறுத்தபின் தசையில் அமிலத்தன்மை கூடுவதால் கோமாரிக் கிருமி அழிகிறது; எலும்பு மஜ்ஜையில் அந்த மாற்றம் நிகழாததால் பிழைத்திருக்கிறது. எலும்பு நீக்கிய இறைச்சி வரலாம், எலும்போடு கூடாது என்ற விதி, வர்த்தகத்தை முழுதாக அடைக்காமல் அபாயத்தை மட்டும் வெட்டியெடுத்தது. நல்ல இறக்குமதி விதிக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி காண்பது அரிது.

இரண்டாவது வழி, கணக்கில் வராத இறைச்சி. 2001 பிப்ரவரி 19 அன்று எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளின் உடலில் கொப்புளங்கள் தென்பட்டன. நோயின் மூலம் நார்தம்பர்லாந்தில், ஹெட்டன்-ஆன்-த-வால் ஊரின் பன்றிப் பண்ணை ஒன்றில் இருந்ததாக விசாரணை கண்டது. முறையாகக் கொதிக்கவைக்காத உணவுக்கழிவைப் பன்றிகளுக்கு ஊட்டியதே வழி என்பதும், அந்தக் கழிவில் சட்டவிரோதமாக வந்த இறைச்சி கலந்திருக்கலாம் என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கண்டுபிடிக்கும் முன்பே ஆடுகள் வழியாகச் சந்தை சந்தையாக நோய் பரவிவிட்டது. 2,026 இடங்களில் நோய் உறுதியானது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன.

மூன்றாவது வழிக்கு எல்லையோடு தொடர்பே இல்லை. 2007 ஆகஸ்டில் சர்ரே மாவட்டத்தில் கோமாரி மீண்டும் தோன்றியபோது, அது பிர்பிரைட் ஆய்வு வளாகத்திலிருந்து கசிந்த கிருமி என்று தெரியவந்தது. பழுதான கழிவுநீர்க் குழாய்கள்மீதே விசாரணையின் சந்தேகம் விழுந்தது.

நான்காவது வழி செடிகளுடையது. ஆஷ் மரங்களை நுனியிலிருந்து பட்டுப்போகச் செய்யும் பூஞ்சை, 2012இல் பக்கிங்ஹாம்ஷயரின் ஒரு நாற்றங்காலில், நெதர்லாந்திலிருந்து வந்த கன்றுகளில் கண்டறியப்பட்டது. அந்த வர்த்தகம் முற்றிலும் சட்டப்படியானது. அக்டோபர் இறுதியில் தடை வந்தபோது, கிழக்குக் கடற்கரை மாவட்டங்களின் காடுகளிலும் நோய் இருப்பது தெரிந்தது. பூஞ்சையின் வித்துகள் காற்றிலும் கடலைத் தாண்டி வரக்கூடியவை. போலந்தில் ஆஷ் மரங்கள் பட்டுப்போவது 1990களிலேயே கவனிக்கப்பட்டிருந்தது. அந்தச் செய்தி இருபது ஆண்டுகளாகக் கைவசம் இருந்தும் கன்றுகள் வந்துகொண்டே இருந்தன.

இந்நான்கையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. 1967இன் நோயைத் தடுத்திருக்கக்கூடியது பொருளின் தன்மை அறிந்த விதி. 2012இன் நோயைத் தாமதப்படுத்தியிருக்கக்கூடியது, வெளிநாட்டில் நடப்பதை உடனுக்குடன் கேட்கும் காது. 2001இல் தேவைப்பட்டது கள்ளப்பொருளைப் பிடிக்கும் கண்ணும் பண்ணையில் மேற்பார்வையும். 2007இல் தேவைப்பட்டது உள்நாட்டுக் குழாய்ப் பராமரிப்பு. முறையாக அறிவித்து வரும் லாரியை எல்லையில் திறந்து பார்ப்பது, இந்நான்கில் எதற்கும் தனித்து மருந்தாகியிருக்காது.

5. சான்றிதழ் செய்யும் வேலை

அப்படியானால் 2024இன் விதிகள் வீணா? அப்படிச் சொல்வது அவசர முடிவு.

நலச் சான்றிதழை வெறும் தாளாகப் பார்ப்பவர்கள் அதன் உள்ளடக்கத்தைக் கவனிப்பதில்லை. இந்த விலங்கு இன்ன பகுதியிலிருந்து வந்தது, அப்பகுதியில் இன்ன நோய் இல்லை என்று அனுப்பும் நாட்டின் மருத்துவர் தன் பெயரில் உறுதியளிக்கிறார். அந்தப் பகுதியில் நோய் தோன்றினால் அவரால் கையெழுத்திட முடியாது. கையெழுத்து இல்லாமல் சரக்கு கிளம்பாது. 1924இல் 28 நாடுகள் ஏற்ற கடமை, ஒவ்வொரு சரக்கோடும் பயணம் செய்யும் வடிவமே சான்றிதழ்.

2025 ஜனவரி 10 அன்று இதற்குச் சோதனை வந்தது. ஜெர்மனியில், பெர்லினை அடுத்த பிராண்டன்பர்க் மாநிலத்தில், நீர் எருமைகளிடம் கோமாரி உறுதியானது. அந்நாடு 1988க்குப் பின் அதைக் கண்டதில்லை. கோமாரி இல்லாத நாடு என்ற தகுதியை ஜெர்மனி இழந்ததும், அதன் மாடு, ஆடு, பன்றி வகைப் பொருள்களுக்குப் பிரிட்டன் தடை விதித்தது. மார்ச் மாதம் ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும் நோய் தோன்றியபோதும் அவ்வாறே செய்தது. 2021 முதல் 2024 ஜனவரி வரையிலான மூன்று ஆண்டுகளில், ஐரோப்பாவிலிருந்து வந்த பெரும்பாலான இறைச்சிக்கும் பாலுக்கும் இந்தக் கையெழுத்து இல்லை. ஒன்றியத்தின் உள் எச்சரிக்கை வலைப்பின்னல்களில் முழு உறுப்பினர் என்ற இடமும் அதற்குள் போயிருந்தது. பழைய ஏற்பாட்டின் காதை இழந்து, புதிய ஏற்பாட்டின் கையெழுத்தையும் பெறாமல் இருந்த அந்த மூன்று ஆண்டுகள்தாம் உண்மையில் அஞ்சத்தக்கவை. அப்போது பெருநோய் நுழையாததை முன்யோசனையின் வெற்றியாகக் கொள்ள முடியாது.

சான்றிதழ் பொய்க்கும் இடங்களும் உண்டு. இதற்கு இந்திய அனுபவம் ஒன்று பாடமாகிறது. 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்தையும், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. முந்தைய ஆண்டில் 207 சரக்குகளில் பழ ஈ முதலான பூச்சிகள் கண்டறியப்பட்டதே காரணம். அப்போது பிரிட்டன் ஒன்றியத்தின் உறுப்பினர். அல்போன்சா மாம்பழத்துக்காகக் காத்திருந்த லண்டன், லெஸ்டர் கடைத்தெருக்களுக்கு அந்தக் கோடைகாலம் வெறுமையாகக் கழிந்தது. இந்தியா ஏற்றுமதிச் சிப்பமிடும் கூடங்களிலேயே சோதனையை இறுக்கிய பின், 2015 ஜனவரியில் மாம்பழத் தடையை நீக்க முடிவானது.

ஆவணம் சொன்னதற்கும் பெட்டிக்குள் இருந்ததற்கும் இடையே இருந்த இடைவெளியை வெளிக்கொண்டுவந்தது எல்லையில் நடந்த நேரடிச் சோதனை. எனவே அந்தச் சோதனையின் உண்மையான பயன், ஒவ்வொரு நோயையும் அங்கே பிடிப்பதில் இல்லை. கையெழுத்துகள் மெய்யானவையா என்று தணிக்கை செய்வதில் இருக்கிறது. தணிக்கைக்கு எல்லாப் பெட்டியையும் திறக்க வேண்டியதில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த சிலவற்றைத் திறந்தால் போதும். 1 முதல் 30 சதவீதம் என்ற வரம்பை இந்த நோக்கில் பார்த்தால் நியாயம் புரியும்.

6. சுமை யார் தோளில்?

நியாயமான கொள்கையும் அநியாயமாகச் சுமத்தப்படலாம். டோவர் துறைமுகம், கால்வாய்ச் சுரங்கம் வழியாக வரும் சரக்குகளுக்கு அரசு ‘பொதுப் பயனர் கட்டணம்’ விதித்தது: குறைந்த அபாயப் பொருளுக்கு 10 பவுண்டு, நடுத்தர, உயர் அபாயப் பொருள்களுக்கு 29 பவுண்டு, ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 145 பவுண்டு. சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்படாத சரக்கும் இதைச் செலுத்த வேண்டும்.

ஒரே வகை இறைச்சியை லாரி முழுக்க ஏற்றிவரும் பெருநிறுவனத்துக்கு 29 பவுண்டு பொருட்டல்ல. இத்தாலியிலிருந்து பத்துச் சிறு உற்பத்தியாளர்களின் பாலாடைக்கட்டி, உப்பிட்ட இறைச்சி, வெண்ணெய் ஆகியவற்றை ஒரே லாரியில் கலந்து வரவழைக்கும் தெருமுனைக் கடைக்காரரின் நிலை வேறு. ஒவ்வொரு பொருளுக்கும் தனிச் சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் கட்டணம், சுங்க முகவர் கட்டணம். ஒரு சான்றிதழில் ஓர் எண் பிசகினாலும் முழு லாரியும் நிற்கும். கெடும் பொருளுக்குக் காத்திருப்பே தண்டனை. பொருளின் அளவைப் பாராமல் ஆவணத்தின் எண்ணிக்கையை அளக்கும் கட்டணம், சிறியவர்மீதே அதிகமாக அழுந்தும். விதிகளால் மூன்று ஆண்டுகளில் உணவு விலை கூடுவது 0.2 சதவீதத்துக்கும் குறைவே என்று அரசு சொன்னது. சராசரி சரியாகவே இருக்கலாம். ஆனால் கடையை மூட வேண்டிய நிலைக்கு வந்தவரின் இழப்பு சராசரிக்குள் தெரிவதில்லை.

இடத்தேர்விலும் சிக்கல் உண்டு. டோவருக்கு வரும் சரக்குகளுக்கான சோதனைக்கூடம் துறைமுகத்தில் இல்லை. 22 மைல் உள்ளே, ஆஷ்ஃபோர்டு அருகே செவிங்டனில் இருக்கிறது. சோதனைக்கு அழைக்கப்பட்ட லாரி காவலின்றித் தானே அங்கே போய்ச் சேர வேண்டும். நேர்மையான ஓட்டுநர் போவார். மற்றவர் போவார் என்பதற்கு என்ன உறுதி என்று டோவரின் துறைமுகச் சுகாதாரப் பிரிவினர் தொடர்ந்து கேட்டுவந்தனர். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 2.5 கோடி பவுண்டில் கட்டிய கூடமோ, இடையில் விதி மாறியதால் தேவையை மிஞ்சிய கட்டடமாக நின்றது.

7. பைக்குள் வரும் இறைச்சி

முறையான வர்த்தகத்தின்மீது இத்தனை ஆவணம் குவிந்த அதே ஆண்டுகளில், வேறொரு வாசல் அகலத் திறந்திருந்தது. வேன்களிலும் பயணப் பைகளிலும், குளிர்பதனமின்றி, எந்த அடையாளமுமின்றி வரும் இறைச்சி டோவரில் டன் கணக்கில் பறிமுதல் செய்யப்பட்டது.

இதில் முதன்மையான அச்சம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். மனிதருக்குத் தொற்றாத, ஆனால் பன்றிகளை மந்தையோடு மாய்க்கும் நோய் அது. 2007இல் ஜார்ஜியாவில் நுழைந்து, 2014இல் லித்துவேனியா, போலந்து, 2018இல் சீனா, பெல்ஜியம், 2020இல் ஜெர்மனி என்று பரவியது. 2020இல் அசாமிலும் தோன்றியது. பெல்ஜியத்தில் அது நெடுந்தொலைவு தாண்டித் திடீரென்று முளைத்தது. காட்டுப்பன்றி அவ்வளவு தூரம் நடப்பதில்லை, மனிதர்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியில் அக்கிருமி மாதக்கணக்கில் வாழும். சாலையோரம் எறிந்த ஒரு துண்டு ரொட்டியும் இறைச்சியும் போதும்.

2025 ஏப்ரல் 12 முதல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் பயணிகள் மாடு, ஆடு, பன்றி இறைச்சியையோ பால் பொருளையோ தம்மோடு கொண்டுவரப் பிரிட்டன் தடை விதித்தது. தடை சரியானதே. ஆனால் தடையைப் பலர் அறிந்திருக்கவில்லை; பறிமுதல் செய்ய ஆள் போதவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரக் குழு வெளியிட்ட அறிக்கை, சட்டவிரோத இறைச்சி வரவை நெருக்கடி என்றே அழைத்தது. 2001இல் நோய் வந்ததாகக் கருதப்படும் வழி எதுவோ, அந்த வழிதான் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் காவல் குறைந்து கிடக்கிறது.

8. முடிவு: எதை விடலாம், எதை விடக்கூடாது?

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் பேசிவரும் பொது ஒப்பந்தம் நிறைவேறினால், 2024இன் சான்றிதழ்களும் சோதனைகளும் பெரும்பாலும் மறையும். வெளியேறியதிலிருந்து ஒன்றியத்துக்கான வேளாண் உணவு ஏற்றுமதி 21 சதவீதமும் அங்கிருந்து இறக்குமதி 7 சதவீதமும் குறைந்துவிட்டதாக அரசே சொல்லும் நிலையில், அந்த ஒப்பந்தத்துக்கான தேவை வெளிப்படை. அதற்கு விலையாக, ஒன்றியத்தின் விதிகள் மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாற வேண்டியிருக்கும். அது அரசியல் தெரிவு. இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆனால் நோய்த்தடுப்பு நோக்கில் ஒரு நிபந்தனையை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. சான்றிதழைக் கைவிடும் நாளிலேயே, அது சுமந்துவந்த செய்திக்கு வேறு வழி திறந்திருக்க வேண்டும். ஒன்றியத்தின் எச்சரிக்கை வலைப்பின்னலில் முழு இடம் கிடைக்காமல் கையெழுத்தை விடுவது, 2021இன் குருட்டு ஆண்டுகளுக்குத் திரும்புவதாகும். லாரிகளைத் திறக்கும் வேலையிலிருந்து விடுபடும் ஆட்களும் பணமும் டோவரின் வேன்களை நோக்கியும், நாற்றங்கால்களையும் இறைச்சிக்கூடங்களையும் நோக்கியும் போக வேண்டும். கருவூலத்துக்குத் திரும்பினால், மிச்சம் பிடித்ததாக ஏட்டில் தெரியும்; அரண் மெலிந்திருக்கும்.

எசெக்ஸ் இறைச்சிக்கூடத்தில் அந்தக் கொப்புளங்களைக் கவனித்தது, அன்றாடச் சோதனையில் இருந்த ஒரு கால்நடை மருத்துவரின் கண். நார்தம்பர்லாந்துப் பண்ணையில் அதற்குப் பல நாள்களுக்கு முன்பே அதே கொப்புளங்கள் இருந்திருக்கின்றன. அங்கே அப்படி ஒரு கண் இருந்திருந்தால் கொல்லப்பட்ட 60 லட்சம் விலங்குகளில் பெரும்பாலானவை பிழைத்திருக்கலாம். பிரிட்டனின் அடுத்த விதித்தொகுப்பை யார் எழுதினாலும், கண்டுபிடிக்காமல் கழிந்த அந்த நாள்களைச் சுருக்க அது என்ன செய்கிறது என்ற கேள்வியைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும்.